மூன்று தேசங்களும் ஒரு கொப்பியும்

திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பதாண்டுகள் பணியாற்றிய என் தந்தையார் ஒருபோதும் கடல் கடந்தவரல்லர். கொடியைக் கண்டே கப்பலின் நாட்டைக் கூறவல்ல அவரது பயணங்கள் கொழும்போடு முடிந்தன. 2021ஆம் ஆண்டின் இறுதியில், அவர் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தைக்கொண்டு நாமிருவரும் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் சென்றுவரத் திட்டமிட்டோம்.

சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா வேண்டியிருக்கவில்லை. ஏனைய இரண்டுக்கும் வேண்டியிருந்தது. கடவுச்சீட்டுக்காக வவுனியா வரை சென்றோம். புகைப்படத்துக்கென அவர் மும்முறை தலைவாரிக்கொண்டதை இன்றும் எண்ணிச் சிரிப்பதுண்டு.

செலவுகளை ஒரு கொப்பியில் இடப்புறம் டொலரிலும் வலப்புறம் ரூபாவிலும் எழுதிவந்தேன். மொத்தம் 2,000 டொலர்; அதாவது நான்கு இலட்சம் ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. இடப்புறத்தில் ஓர் இலக்கமும் மாறவில்லை. வலப்புறத்தில் நான்கு இலட்சம் ஏழு இலட்சத்து இருபதினாயிரமாயிற்று. பெற்றோல் வரிசையில் நின்றபடியே சிங்கப்பூரை வெட்ட முனைந்தேன். விசா கேளாத நாடே எமக்கு எட்டாத நாடாயிற்று!

"பேனையாலை வெட்டாதை தம்பி, பென்சிலாலை வெட்டு" என்றார் அப்பா.

பினாங்கையும் பென்சிலாலேயே வெட்டினேன்.

அவ்வாண்டு டிசம்பரில் பலாலிக்கும் சென்னைக்குமிடையே விமான சேவை மீண்டும் தொடங்கிய செய்தி வந்தது. அன்று மாலை கொப்பியை அவரே எடுத்துவந்து என்முன் விரித்தார்.

"சென்னை சரி. பினாங்குக்கு இப்ப எவ்வளவு வருகுதெண்டு ஒருக்காப் பார்."