தொப்பூர் கணவாய்: ஸ்பிரிங்குக்கு ஒரு பரீட்சை!

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது, நல்லம்பள்ளியைத் தாண்டியதும் நிலம் மெல்லச் சரியத் தொடங்கும். இருபுறமும் காட்டு மலைகள். நடுவே கட்டமேடு, இரட்டைப் பாலம் என வளைந்து வளைந்து இறங்கும் நான்குவழிச் சாலை. இதுதான் தொப்பூர் கணவாய். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்த இடுக்கு வழியாகத்தான் போகிறது.

சேலம் - பெங்களூரு ரயில் பாதையும் இதே மலைகளுக்குள்தான். 2021 நவம்பர் 12 அதிகாலையில், மழையில் உருண்டு வந்த பாறைகள் மோதி கண்ணூர் - யஸ்வந்த்பூர் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் இங்கே தடம்புரண்டன. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

செட்டிபாளையம் போகும் கார்கள்

பெங்களூருவிலிருந்து கோவைக்குப் போகும் கார்களுக்கும் இதுதான் வழி. தொப்பூரில் பிரிந்து மேட்டூர், பவானி வழியாகப் போகலாம்; சேலம் வழியாகவும் போகலாம். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் இருக்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995-ல் விமான விபத்தில் மறைந்த கார் வடிவமைப்பாளர் எஸ்.கரிவர்தன் நினைவாகப் பெயர் பெற்ற பந்தயத் தடம்.

சொந்தக் காரைப் பூட்டிய தடத்தில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாளை 'டிராக் டே' என்கிறார்கள். அதற்காகக் காரைத் தயார் செய்பவர்கள் முதலில் கைவைப்பது சஸ்பென்ஷனில்தான். கெட்டியான ஸ்பிரிங், இறுக்கமான ஷாக் அப்சார்பர், தரையோடு தாழ்ந்த உயரம். வழவழப்பான தடத்தில் இவை அருமையாக வேலை செய்யும். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பு தொப்பூரில் இறங்க வேண்டுமே!

ஒன்று கொடுத்தால் ஒன்று போகும்

வளைவில் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் போகும். கெட்டி ஸ்பிரிங் போட்டால் இது நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. கார் சாய்வது குறையும், அவ்வளவுதான். எடை எவ்வளவு மாறும் என்பதைப் பெரும்பாலும் காரின் உயரமும் அகலமும் வேகமுமே முடிவு செய்கின்றன.

முன்பக்கத்தை மட்டும் கெட்டியாக்கினால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். பின்பக்கத்தை அதிகம் கெட்டியாக்கினால் வால் சறுக்கும். பந்தயத் தடத்தில் சறுக்கினால், ஓடி நிற்கப் பக்கத்தில் இடம் இருக்கும். கணவாயில் பக்கத்தில் இருப்பது லாரி அல்லது பள்ளம்.

மேடு பள்ளத்தில்தான் பெரிய வித்தியாசம் தெரியும். மென்மையான ஸ்பிரிங் சுருங்கி விரிந்து டயரைச் சாலையோடு சேர்த்துப் பிடிக்கும். மிகக் கெட்டியான ஸ்பிரிங்கில் டயர் துள்ளும். துள்ளுகிற அந்த நொடியில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. மழை நாளில் இன்னும் மோசம். பந்தய வீரர்களே மழை வந்தால் சஸ்பென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துவது அதனால்தான்.

சக்கரத்தின் மேல்பகுதியை உட்புறமாகச் சாய்த்து வைப்பதும் இப்படித்தான். வளைவில் பிடிப்பு கூடும். ஆனால் நெடுஞ்சாலையில் நேராக ஓடும்போது டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதுபோலவே தெரியும்.

லாரிக்கும் அதே கணக்கு

லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் பாரம் தாங்கச் செய்யப்பட்டவை. அதனால்தான் காலி லாரி குதித்துக் குதித்து ஓடும். அளவுக்கு மீறி ஏற்றினால் பட்டை படிந்துவிடும். அதிர்ச்சியை வாங்க இடமிருக்காது. அதோடு பிரேக்கும் சூடேறிப் பிடிப்பை இழந்தால் என்ன ஆகும் என்பதைத் தொப்பூர் பலமுறை பார்த்திருக்கிறது. 2020 டிசம்பர் 12 அன்று, பாரம் ஏற்றிவந்த லாரி ஒன்று முன்னால் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள்மீது மோதியது. 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதியதில் 4 பேர் இறந்தார்கள்.

டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவதும் இங்கே உயிரைப் பறித்திருக்கிறது. மேட்டில் எந்த கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய டிரைவர்களின் பாடம். வேகத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும்.

டிராக் டேக்குக் கிளம்புகிறீர்களா?

* திருகி மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர் இருந்தால், வீட்டிலிருந்து தளர்வாக வைத்தே கிளம்புங்கள். தடத்துக்குப் போய் இறுக்கிக்கொள்ளலாம். எத்தனை 'கிளிக்' திருப்பினீர்கள் என்று எழுதி வையுங்கள். திரும்பும்போது அதே அளவு தளர்த்த வேண்டும்.

* டயர் காற்றைக் காலையில், கிளம்பும் முன்பே பாருங்கள். ஓடிச் சூடான டயர் அதிக அழுத்தம் காட்டும். தடத்தில் காற்றைக் குறைத்திருந்தால், ஊர் திரும்பும் முன் மறுபடி நிரப்புங்கள்.

* டயரின் உள்விளிம்பைக் குனிந்து பாருங்கள்.

* வேகம் காட்டும் ஆசையைச் செட்டிபாளையத்துக்கு ஒதுக்குங்கள்.

கணவாயின் ஆபத்தைக் குறைக்க உயர்மட்டச் சாலைத் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. சாலை நேரானாலும் இறக்கம் இறக்கம்தான். தடத்தில் சில நொடிகளை மிச்சப்படுத்தும் செட்டிங் வேறு. பின்சீட்டில் குழந்தை தூங்க, மழையில் தொப்பூரில் இறங்கும் செட்டிங் வேறு. ஒரே காரில் இரண்டும் வேண்டுமென்றால், விட்டுக்கொடுக்க வேண்டியது அந்தச் சில நொடிகளைத்தான்.