அடுப்படிக்கு எத்தனை அடி?

ஐப்பசி மழை மதியமே பிடித்துக்கொண்டது. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், குறுகலான மாடிப்படி ஏறினால் வலப்பக்கம் அந்தக் கடை. பழைய கேமரா வாங்குவார்கள், விற்பார்கள், பழுதும் பார்ப்பார்கள். தரை முழுக்க ஓரடிச் சதுரக் கற்கள். கண்ணாடி அலமாரிக்குள் லென்ஸ்கள் மூடி போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அலமாரியின் அடித்தட்டில் ஒரு சிறு பல்பு இரவும் பகலும் எரிகிறது. அந்தச் சூட்டுக்கு ஈரம் அண்டாது.

என் லென்ஸை டார்ச் ஒளியில் சாய்த்துப் பார்த்த கடைக்கார பாய், "ஃபங்கஸ் வேர் விட்டிருக்கு. ஒரு மணி நேரம் ஆகும்" என்று உள்ளறைப் பையனிடம் கொடுத்துவிட்டார். மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா குடையை வாசலிலேயே உதறி, சுவரோரம் சாய்த்து வைத்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்த விதத்தில், நின்றபடியே வேலை செய்து பழகியவர் என்று தெரிந்தது. மகளுக்குப் பதினெட்டு இருக்கும். கையில் நான்காக மடித்த நோட்டுத் தாள்.

"டி7500 இருக்கா பாய்? அதோட 50 ஒன் பாயிண்ட் எயிட், 70–300."

தாளைப் பார்க்காமலே ஒப்பித்தாள். எத்தனை இரவு அந்தப் பெயர்களைச் சொல்லிப் பார்த்திருப்பாள் என்று தோன்றியது.

பாய் அலமாரியைத் திறக்கவில்லை. "எதைப் படம் எடுக்கப் போறம்மா?"

"எல்லாம் எடுப்பேன் பாய். விஸ்காம் முதல் வருஷம்."

"எல்லாம் சரி. நாளைக்குக் காலையில கைக்கு வந்துட்டா, முதல்ல எதை எடுப்ப?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தார்.

"அம்மா வியாசர்பாடில இட்லிக் கடை வச்சிருக்காங்க. காலையில மூன்றரைக்கு எழுந்து வீட்டு அடுப்படியில இட்லி ஊத்துவாங்க. அப்புறம்தான் வண்டிக்குப் போகும். அந்த ஆவிய எடுக்கணும். ஃபோன்ல எடுத்தா மாவு மாவாத் தெரியுது."

"என்னைப் போய் எதுக்கு..." என்று அம்மா முனகினார்.

பாய் இப்போது அலமாரியைத் திறந்தார். முதலில் அவள் கேட்டதையே எடுத்து வைத்தார். நிக்கான் டி7500. நல்ல கனம். வலது கை விரல்கள் பிடியில் போய் உட்கார்ந்ததும் பெண்ணின் முகம் மலர்ந்தது. விலை, பாடி மட்டும் 38,000. முகம் வாடியது. அம்மாவின் கை இடுப்புச் சுருக்குப்பைமேல் போய் நின்றது. "சீட்டு எடுத்த பணம் பாய். 32 இருக்குது. அதுக்குள்ள பாருங்க."

பாய் அடுத்து எடுத்தது டி3500. முந்தையதற்குப் பக்கத்தில் தம்பிபோல இருந்தது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 415 கிராம். 18–55 கிட் லென்ஸோடு 23,000 என்றார்.

"இது பிகினர் கேமராதானே பாய்?" என்றாள் மகள், மெதுவாக.

"ரெண்டுலயும் சென்சார் அளவு ஒண்ணுதாம்மா. பெரிசுல 2 கோடி 9 லட்சம் புள்ளி, இதுல 2 கோடி 42 லட்சம். கல்யாண ஆல்பத்துல 12க்கு 18 தாள் போடறானே, அதுக்கு 2 கோடி இருந்தாலே போதும். பெரிசு வேகமா அடிக்கும், மழைத்தூறல் தாங்கும். கிரிக்கெட் எடுக்கிறவனுக்கு, பறவை எடுக்கிறவனுக்கு அது வேணும். உங்க அம்மா எங்க பறந்து போகப் போறாங்க?"

அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். பாய் விடாமல் சொன்னார். "'வழக்கு எண் 18/9' பார்த்திருக்கியா? 2012ல வந்தது. கேனான் 7டி, ஸ்டில் கேமரா. அதுல எடுத்து தியேட்டர்ல ஓட்டினாங்க."

தாள் இன்னொரு மடிப்பு மடிந்து அவள் உள்ளங்கைக்குள் போனது.

பிறகு நடந்ததைப் பழைய கேமரா வாங்கும் ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும். பாய் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு படம் எடுத்து, கார்டைக் கணினியில் செருகி, அந்தப் படத்துக்குள் பதிந்திருக்கும் எண்ணைக் காட்டினார். ஷட்டர் கவுண்ட் 11,386. "ஒரு லட்சம் அடி தாங்கும்னு கம்பெனி சோதிச்சு விட்ட ஷட்டர். இன்னும் நிறைய ஓடும்." லென்ஸ் துவாரத்தைக் கடைசி வரை சுருக்கி, 22இல் வைத்து, வெள்ளைச் சுவரை எடுத்தார். சென்சாரில் தூசி இருந்தால் சுவரில் கரும்புள்ளியாக விழும். மேல் மூலையில் ஒன்று விழுந்தது. ரப்பர் குமிழால் ஊதி மறுபடி எடுத்தார். இல்லை. மூடி போட்டபடி இருட்டையும் ஒரு படம் எடுத்து, கெட்டுப்போன புள்ளி எதுவும் மின்னுகிறதா என்று பெரிதாக்கித் தேடினார். பேட்டரி அறையின் முனைகளில் பச்சை ஏறியிருக்கிறதா என்று பார்க்க, பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அம்மா அந்த நேரத்தில் கேமராவைக் கையிலெடுத்துக் கண்ணில் வைத்தார். "பேட்டரி இங்க கிடக்குது. உள்ள எல்லாம் தெரியுதே?"

பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லென்ஸைக் கழற்றி, உள்ளே சாய்ந்து நிற்கும் சிறு கண்ணாடியைக் காட்டினார். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அதில் பட்டு மேலே போகிறது. மேலே இருக்கும் கண்ணாடிகளில் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. பட்டனை அழுத்தும்போது கண்ணாடி எழும்பி வழி விட, வெளிச்சம் பின்னால் சென்சாரில் விழுகிறது. "இதுல நீங்க பாக்கிறது திரை இல்லம்மா. நிஜ வெளிச்சம். அதனாலதான் பேட்டரியும் சீக்கிரம் இறங்காது. ஒரு தடவை ஏத்தினா 1,550 படம்னு கம்பெனிக் கணக்கு." நிக்கானும் கேனானும் 2020க்குப் பிறகு இந்த வகையில் புதிய பாடி எதுவும் கொண்டுவரவில்லை, எல்லாரும் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ்ஸுக்குப் போகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். "போறவங்க விட்டுட்டுப் போறதுதான் நம்ம கைக்குக் குறைஞ்ச விலையில வருது. படம் பழசாகாது."

இனி லென்ஸ். பாய் டியூப்லைட்டை அணைத்தார். பழுது பார்க்கும் மேசைமேல் ஒரு 9 வாட் பல்பு மட்டும் எரிந்தது.

"காலையில அடுப்படியில இவ்வளவு வெளிச்சம் இருக்குமா?"

"இதுல பாதி" என்றார் அம்மா.

"அப்படி நில்லுங்க. இட்லி ஊத்துங்க."

அம்மா கூச்சத்தோடு கவுண்டரில் சாய்ந்து நின்றார். கையில் கரண்டி இல்லை, எதிரில் தட்டில்லை. ஒரு நொடி தயங்கினார். அப்புறம் கை தானாக ஓடத் தொடங்கியது. மணிக்கட்டு தணிந்து, திரும்பி, நிமிர்ந்து, அடுத்த குழி. ஓரத்தில் வழியும் மாவைக் கரண்டி விளிம்பால் வழித்துவிடும் அந்தச் சிறு சுழற்றல்கூடத் தப்பவில்லை. வெறுங்காற்றில் ஒரு தட்டு முழுதாக நிறைந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

கிட் லென்ஸை 55க்கு இழுத்து மகள் எடுத்தாள். ஐஎஸ்ஓ 1600, துவாரம் 5.6, ஷட்டர் பதினைந்தில் ஒரு நொடி. முகம் ஓரளவு நின்றது. கை இருக்க வேண்டிய இடத்தில் புகை.

"இதுல ஆட்டத்தை அடக்கிற விஆர் இருக்குல்ல பாய்?"

"அது உன் கை நடுங்கினா அடக்கும். அம்மா கையை அது எப்படி அடக்கும்? ஒண்ணு, அம்மாவை ஊத்தாம நிக்கச் சொல்லணும். இல்லன்னா வெளிச்சத்தைக் கூட்டிக்கணும்."

அவள் தாளில் இருந்த 50ஐ எடுத்து வைத்தார். இரண்டு இருந்தன. விலை குறைந்த பழைய 'டி' வகையை அவளே ஆசையாக மாட்டினாள். பட்டனைப் பாதி அழுத்தினாள். அசைவில்லை. "இந்த லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது. பாடிதான் முறுக்கணும். டி7500ல அந்த மோட்டார் இருக்கு, இந்தச் சின்ன பாடில இல்ல. கையாலதான் திருப்பணும். மலிவா கிடைக்குதேன்னு வாங்கிட்டுப் போயி, லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு திரும்பி வர்றவங்க மாசத்துக்கு ரெண்டு பேர்." உள்ளே மோட்டார் உள்ள 'ஏஎஃப்-எஸ்' 50ஐ மாட்டினார். அது சத்தமில்லாமல் ஓடி நின்றது.

"இப்போ அம்மாவைத் தலையிலேருந்து கால் வரைக்கும் எடு. கேமராவை நெட்டுக்குத்தா பிடிச்சுக்க."

மகள் பின்வாங்கினாள். மூன்றாவது கல். ஐந்தாவது கல். என் முழங்காலைத் தாண்டிப் போனாள். எட்டாவது கல்லில் முதுகு கதவில் முட்டியது. "கால் வரல பாய்."

"வராது. இன்னும் மூணு கல் வேணும். சரி, உங்க அடுப்படிக்கு எத்தனை அடி?"

"ஆறுக்குப் பத்து. அடுப்பு மேடையே ரெண்டடி போயிடும்."

"அப்போ பாக்கி எட்டு. இந்தக் கடை மாதிரிதான்."

பாய் அந்த 50ஐத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்தார். அலமாரியின் பின்வரிசையிலிருந்து, பார்த்தால் கண்ணுக்கே படாத, குட்டையான ஒன்றை எடுத்தார். 35, ஒன் பாயிண்ட் எயிட். நிக்கான் இந்தச் சின்ன சென்சாருக்கென்றே 2009இல் கொண்டுவந்தது. 200 கிராம். ஃபிலிம் காலத்து 50 எவ்வளவு அகலம் காட்டியதோ, ஏறக்குறைய அதைத்தான் இந்த பாடியில் 35 காட்டும். 50ஐ மாட்டினால் 75 ஆகி, ஆளைக் கிட்டே இழுத்துவிடும்.

"கல்யாணத்துல மேடைக்குக் கீழ நின்னு மணப்பொண்ணு முகத்தை எடுக்கிறவனுக்கு 50 தங்கம். உனக்குப் பின்னாடி சுவரு. சுவரைக் கேட்டுட்டுத்தான் லென்ஸ் வாங்கணும்."

அதே எட்டாவது கல். அம்மாவின் தலைக்குமேல் கொஞ்சம் இடம், செருப்புக்குக் கீழே கொஞ்சம் இடம். முழுதாக வந்தார்.

"இப்போ கிட்ட போ. கையை எடு. ஃபோகஸ் விரல்ல வை. இவ்வளவு திறந்து வச்சா, மூணடியில ரெண்டு விரல் கனம்தான் தெளிவா நிக்கும். தப்பினா தப்பினதுதான்."

துவாரம் 1.8. 5.6ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. அதே பல்பு, அதே 1600. ஷட்டர் நூற்று இருபத்தைந்தில் ஒரு நொடிக்கு ஏறியது. அம்மா காற்றில் ஊற்றினார். மகள் நான்கு படம் தப்பவிட்டாள். ஐந்தாவதில் கை நின்றது. திரையில் பெரிதாக்கினாள். நகக்கண்ணில் காய்ந்த மாவு. மணிக்கட்டின் உட்புறம் பிறைபோல ஒரு தழும்பு.

"இது எப்பம்மா?"

"அதா... போன பொங்கல்ல. இட்லிப் பானை மூடி."

மகள் திரையிலிருந்து கண்ணை எடுத்து, அம்மாவின் கையைத் திருப்பி, நேரில் ஒருமுறை பார்த்தாள். வேறொன்றும் பேசவில்லை. 70–300ஐப் பற்றி அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பாய்தான் சொன்னார்: "அது அடுத்த வருஷம். எது தூரமா இருக்கு, எது கிட்ட வரணும்னு உனக்கே தெரிஞ்சப்புறம் வா."

லென்ஸின் பின்பக்கச் சிறு நெம்புகோலை விரலால் தள்ளித் துவாரத்தைத் திறந்து, டார்ச் அடித்து, அம்மாவையும் குனிந்து பார்க்கச் சொன்னார். நூலாம்படை மாதிரி எதுவும் இல்லை. "சென்னை ஈரத்துல இதுதான் எமன். அலமாரித் துணிக்குள்ள, தோல் பைக்குள்ள வைக்காதீங்க. காத்துப் புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. மணி நீலமா இருந்தா வேலை செய்யுது. ரோஸ் ஆயிட்டா தண்ணி குடிச்சிருச்சு, வாணலியில லேசா வறுத்தா மறுபடி நீலம்."

"அரிசி போட்டு வைக்கலாமா?"

"வேணாம்மா. அரிசித் தூசி லென்ஸுக்குள்ள போயிடும்."

"முறுக்கு டப்பா ஒண்ணு இருக்குது, ரப்பர் வச்சது. இந்த வருஷம் முறுக்கு வேற எதுலயாவது போட்டுக்கலாம்" என்றார் அம்மா. அந்த ஒரு வார்த்தையில் வியாபாரம் முடிந்தது என்று புரிந்தது.

பாடியும் கிட்டும் 23 ஆயிரம், 35 லென்ஸ் எட்டரை ஆயிரம். பாய் ஐந்நூறைக் குறைத்து 31,000 என்றார். அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து, ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளைப் பிரித்து எண்ணினார். ஐந்நூறுகளில் பல மடங்கி மடங்கிச் சுருங்கியிருந்தன. அவற்றை மேசையில் தடவி நீவி வைத்தார். கணினியில் மறுபடி பார்த்து, பாய் பில்லில் பாடி எண், லென்ஸ் எண் எழுதினார். அதன்கீழ், "ஷட்டர் 11,412" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலில் காட்டியதற்கு மேல் இருபத்தாறு.

பெண் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இவ்வளவு நேரம் எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்த அம்மா, "குடு, நானும் ஒரு தரம்" என்றார். எந்தக் கண்ணை மூடுவது என்று தடுமாறி, இரண்டையும் மூடி, பிறகு ஒன்றைத் திறந்தார். பெண் வாசற்கதவை ஒட்டி நின்றாள். அம்மா பின்வாங்கவில்லை. ஒரு கல் முன்னே போனார்.

கண்ணாடி எழும்பி விழும் சத்தம் கேட்டது.

பாய் கையை நீட்டி பில்லைத் திரும்ப வாங்கினார். கடைசி இலக்கத்தை அடித்து, பக்கத்தில் 3 என்று எழுதி, அதன் கீழும் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.