நிழல் விழாமல் நில்! – காஞ்சிபுரத்து ஏரிக்கரையில் ஒரு தூண்டில் பாடம்

காஞ்சிபுரம் போகிறவர்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் தரிசனம், பிறகு பட்டுப்புடவைக் கடை, கடைசியாகக் கோயில் இட்லி. ஊரைச் சுற்றியிருக்கும் ஏரிகள் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வாலாஜாபாத் பக்கம் தென்னேரி, பெங்களூரு நெடுஞ்சாலையில் தாமல் என்று இங்கே பெரிய ஏரிகள் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஒரு காலை நேரத்தில் கரையில் ஏறி நின்றால், ஊரின் இன்னொரு முகம் தெரியும்.

தென்னேரியின் பழைய பெயர் திரையனேரி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அது. அந்த மன்னனைப் பாடியதுதான் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்குக் காஞ்சிக்கு வழி சொல்லும் 500 அடிப் பாட்டு. அந்த வழியில் தூண்டில்காரன் ஒருவனும் வருகிறான். இரை வைத்த தோல்பை, நீண்ட மூங்கில் கோல், வளைந்த இரும்பு முள் எல்லாம் அவனிடம் இருக்கின்றன. ஆனால் வாளை மீன் இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. அப்படித் தப்பிய மீன், கரையோரப் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டும் மிரள்கிறதாம்.

தூண்டில் பிடிப்பவர்களுக்கு இன்றும் முதல் பாடம் அதுதான். "தம்பி, நெழல் தண்ணிமேல விழாம நில்லு" என்பார்கள் பெரியவர்கள்.

ஃப்ளை ஃபிஷிங் என்ற தூண்டில் முறையிலும் பாடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன இடம் நீலகிரி. ட்ரவுட் மீனுக்காக அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகமே அமைத்தார்கள். சமவெளி ஏரிகளையும் தூண்டில்காரர்கள் விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே 1887-ல் தனிப் புத்தகம் எழுதினார்.

இதில் இரைக்குப் பதிலாக இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சிதான். அதற்கு எடையே இல்லை. கயிற்றின் எடைதான் அதைக் கொண்டுபோகிறது. நைலானும் பிளாஸ்டிக்கும் வருவதற்கு முன் அந்தக் கயிற்றைப் பட்டு நூலில் பின்னி எண்ணெய் பூசினார்கள் என்பது, பட்டு ஊரில் நின்று கேட்க வேண்டிய செய்தி!

வீசப் பழகுவது தண்ணீரில் அல்ல, புல்தரையில். முள்ளை எடுத்துவிட்டு நுனியில் நூல் துணுக்கைக் கட்டி, முப்பதடி தூரத்தில் ஒரு தட்டை வைத்து அதில் விழும்படி வீச வேண்டும். கோலைப் பின்னால் கொண்டுபோனதும் கயிறு முழுக்க நீளும்வரை ஒரு கணம் நிறுத்த வேண்டும். புதியவர்கள் தவறுவது அங்கேதான். பலத்தைக் கூட்டினால் கயிறு சுருண்டு காலடியில் விழும்; பொறுமை இருந்தால் தட்டில் விழும்.

அடுத்தது கண்ணின் வேலை. நம் ஏரிகளில் அதற்கு ஏற்ற மீன் விரால். காற்றைச் சுவாசிக்க அது அடிக்கடி மேலே வரும். குமிழி விட்டு இறங்கும். வழிகாட்டி அதைப் பார்த்ததும் கடிகாரக் கணக்கில் சொல்வார். எதிரே நேராக இருப்பது பன்னிரண்டு மணி. "பத்து மணி, முப்பதடி, இடப்பக்கம் போகுது" என்றால் வீசுபவர் மீனைத் தேட வேண்டியதில்லை. பூச்சி மீனின் தலைமேல் விழக்கூடாது. அது போகும் திசையில் இரண்டு, மூன்றடி முன்னால் விழ வேண்டும். தலைமேல் விழுந்தால் சேற்றுக் கலங்கல்தான் மிஞ்சும்.

ஆனால், நல்ல வழிகாட்டி சில சமயம் "வேண்டாம்" என்றும் சொல்வார். மழைக்காலம் விரால் குஞ்சு பொரிக்கும் காலம். சிவந்த குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீர்மட்டத்தில் நகரும். அடியில் பெரிய விரால் காவல் இருக்கும். குஞ்சுகளை நெருங்கும் எதையும் அது பாய்ந்து கடிக்கும் என்பதால் அதைப் பிடிப்பது மிகச் சுலபம். பிடித்துவிட்டாலோ, காவலை இழந்த குஞ்சுகள் கொக்குக்கும் மற்ற மீன்களுக்கும் இரையாகிவிடும். ஒரு மீனுக்காக ஒரு குடும்பமே போய்விடும். குறி தவறாமல் வீசத் தெரிந்தவர் கோலைத் தாழ்த்தி நிற்கும் இடம் அது.

போகிறவர்கள் கவனிக்க: ஏரி மீன்களை ஏலத்தில் குத்தகைக்கு விடுவது வழக்கம். குத்தகைதாரரிடம் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். கோயில் குளத்தில் பொரி மட்டும் போடுங்கள். தூண்டிலே இல்லாமல் போனாலும் நஷ்டமில்லை. குழந்தைகளோடு கரையில் அசையாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். முதல் குமிழியை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு போட்டி வையுங்கள். பெரும்பாலும் குழந்தைகள்தான் ஜெயிப்பார்கள்.