வீட்டுக்கு எத்தனை ஓட்டு

எங்கள் ஊரில் 'தலைவர்' என்றால் அது பஞ்சாயத்துத் தலைவர்தான். மெட்ராசில் இருந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வராத அன்றைக்கு யாரை ஏச வேண்டுமோ, அவருக்குத்தான் அந்தப் பட்டம். ஆனால் எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அந்த நாற்காலியில் ஆளே இல்லை. 1986-இல் ஜெயித்தவர்களின் காலம் 1991-இல் முடிந்துபோனது. அதன்பிறகு தேர்தல் வைக்கவில்லை. யூனியன் ஆபீசில் இருந்த ஓர் அதிகாரி தனி அலுவலர் என்ற பெயரில் எங்கள் ஊரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அவரை ஏசினால் அவர் காதில் விழாது. அப்படி ஏசுவதில் என்ன இருக்கிறது என்பாள் பாட்டி.

தாத்தா இதற்கெல்லாம் அசரவில்லை. 1970-இல் ஒரு தேர்தல், அதற்கு அடுத்தது 1986-இல் என்று அத்தி பூத்த மாதிரி வந்த தேர்தல்களைப் பார்த்தவர் அவர். 1996 ஐப்பசிக்கு முன்னாலேயே பஞ்சாயத்துத் தேர்தல் என்று பேப்பரில் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

விளாத்திகுளத்துக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே கரிசல் காட்டில் எங்கள் ஊர். மாவட்டத்துக்கு அப்போது சிதம்பரனார் பெயர். மறுவருஷம் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தபோதுதான் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. 1996 கோடையில்தான் சட்டமன்றத் தேர்தல். விளாத்திகுளத்தில் வைகோ நின்று தோற்றார். ஜீப்பும் மைக்கும் புழுதியுமாக ஊர் கிடுகிடுத்தது. ஆனால் அந்தத் தேர்தலில் ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றதாக எனக்கு நினைவில்லை. கட்சித் தேர்தலில் தோற்பது கட்சி. பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்பது பங்காளி. தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது என்று சட்டம் சொல்வதைப் பெரிய நாகரிகம் என்பார்கள். எங்கள் ஊரில் கட்சி என்ற போர்வையும் விலகி, எல்லாம் வெட்டவெளிச்சமானதுதான் நடந்தது.

இந்த முறை ஒரு புதுச் சங்கடம் வந்து சேர்ந்தது. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தமும் அதையொட்டி 1994-இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஊராட்சிச் சட்டமும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தன. எங்கள் ஊர் அதில் விழுந்தது. மந்தையில் கூடிய ஆம்பிளைகள் முகத்தில், பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்குப் பதில் தரகரைக் கட்டி வைத்துவிட்டது போன்ற ஒரு திகைப்பு. யார் நிற்பது என்று பத்து வருஷமாகத் திட்டம் போட்டிருந்த இரண்டு பேரும் ஒரே நாளில் வெறும் புருஷன்கள் ஆகிவிட்டார்கள்.

முதலில் ஏலம் விடலாம் என்றார்கள். யார் அதிகம் தருகிறாரோ அவர் வீட்டுப் பெண் தலைவர். பணம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு. போட்டியே வேண்டாம், ஊர் ஒற்றுமை குலையாது. ஜில்லாவில் பல ஊர்களில் நடந்ததுதான். ஊர் ஒற்றுமை என்ற பேச்சு எப்போதும் பணம் இருப்பவர் வாயிலிருந்துதான் முதலில் வரும் என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு அதை முறித்தது ஒரு கேள்வி. மந்தைக் கூட்டத்துக்குக் காலனிக்காரர்களைக் கூப்பிடவில்லை. சேதி டீக்கடைக்கு வந்தபோது, தனிக் கிளாசைக் கழுவி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அந்தக் கோயில் வாசல்ல நாங்க காலே வச்சது கெடையாது. அதுக்கு எங்க ஓட்டையும் சேத்து எப்படி ஏலம் போடுவீக?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. காலனியிலிருந்து ஒருத்தரை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்திலேயே ஏலப் பேச்சு அன்றிரவு படுத்துவிட்டது.

கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எங்கள் பங்காளி வீட்டுப் பெரியம்மா. பெரியப்பா பருத்திக் கமிஷன் வியாபாரம், சொந்தமாக டிராக்டர். பெரியம்மாவுக்குப் பூட்டு சாவிச் சின்னம். எதிரில் நின்றது தையக்கார அத்தை. புருஷன் தூத்துக்குடியில் லாரி ஓட்டினார், மாதம் ஒருமுறை வந்தால் உண்டு. அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு தையல் மிஷின். பெரியப்பாவை எப்படியாவது கவிழ்க்க வேண்டும் என்றிருந்த இன்னொரு பங்காளிக் கூட்டம்தான் அவரைப் பிடித்து நிறுத்தியது. அவருக்குக் கிடைத்த சின்னம் கட்டில்.

கட்டில் என்று சொன்னதுமே டீக்கடையில் சிரிப்பு தொடங்கிவிட்டது. சுவரில் சுண்ணாம்பு அடித்துக் காவியில் கட்டில் வரைந்தால், ராத்திரியோடு ராத்திரியாக அதன்மேல் இரண்டு உருவங்களையும் வரைந்துவிடுவார்கள். எனக்கு அப்போது அது புரியவில்லை, நாலாம் வகுப்பு. ஆனால் அந்தச் சுவரைக் கடக்கும்போது பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அத்தை ஒருநாள் காலையில் ஒரு வாளிச் சுண்ணாம்போடு தானே போய் நின்று அந்த உருவங்களை அழித்தார். அந்த வழியாகப் போன சித்தப்பா ஒருத்தர், "என்ன மதினி, கட்டில் காலியாயிருச்சே!" என்றாராம். "ஒங்கம்மா முடியாமப் படுத்துக் கெடக்காகளே, அவுகளுக்குத்தான் காலி பண்ணுதேன்" என்றாராம் அத்தை. இந்தப் பதில் மதியத்துக்குள் எல்லா அடுப்படிக்கும் போய்விட்டது.

எங்கள் வீடு பெரியம்மா கட்சி. தாத்தாதான் அதன் கணக்குப்பிள்ளை. அவருக்குக் கண் மங்கிவிட்டதால் எழுதும் வேலை எனக்கு. பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த நாற்பது பக்க நோட்டு ஒன்று. இடது ஓரத்தில் வீட்டின் பெயர்: மச்சு வீடு, கருப்பட்டிக்காரர் வீடு, கிணத்தடி வீடு. அடுத்து, எத்தனை ஓட்டு. அதற்கடுத்து குறி. நம்ம ஓட்டு என்றால் சரி, எதிராளி என்றால் பெருக்கல், சந்தேகம் என்றால் சுழி. அதற்குப் பிறகு தாத்தா சொல்லச் சொல்ல நான் எழுதிய காரணங்கள்தான் அந்த நோட்டின் உயிர். 'நம்மிடம் இரண்டு குறுக்கம் வாரத்துக்கு உழுகிறான்.' 'கண்மாய் மீன் ஏலத்தில் பாக்கி.' 'மூத்தவன் கல்யாணத்துக்கு நாம் மொய் செய்தோம், அவன் திரும்பச் செய்யவில்லை.' 'மருமகள் எதிராளிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, ஆனால் மாமியாருக்கு அடங்கினவள்.' ஊரின் நாற்பது வருஷச் சரித்திரம் என் கோணல் எழுத்தில் ஏறிக்கொண்டே போனது. ஒரு வீட்டில் ஆறு ஓட்டு என்றால் ஆறுக்கும் ஒரே குறிதான். வீட்டுக்காரர் எந்தப் பக்கமோ, வீடு அந்தப் பக்கம். அதில் தாத்தாவுக்குத் துளியும் ஐயம் கிடையாது.

வெளியூரில் இருந்தவர்களுக்குத் தனிப் பக்கம். திருப்பூர் பனியன் கம்பெனி, மெட்ராஸ் பலசரக்குக் கடை, சிவகாசி அச்சாபீஸ். அவர்களைக் கூட்டிவர வேன் போனது. வந்தவர்களுக்குக் கறிச்சோறு. எந்தப் பக்கத்து வேனில் வந்து எந்தப் பக்கத்துக்குக் குத்தினார்கள் என்பது இன்றுவரை தீராத வழக்கு.

காலனிக்கு இரண்டு தரப்பும் இருட்டிய பிறகே போவார்கள். அங்கே எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: சுடுகாட்டுக்குப் பாதை. மழைக்காலத்தில் பாடையோடு இடுப்பளவு ஓடைத் தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். இரண்டு தரப்புமே சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தது. காலனி ஓட்டுக்கு நோட்டில் சுழி போடச் சொன்னார் தாத்தா.

தேர்தலன்று எங்கள் வகுப்பறைதான் பூத். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் அட்டைத் தடுப்பு வைத்திருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமை. ஆளுக்கு நாலு சீட்டு: வார்டு, தலைவர், யூனியன் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். தலைவருக்கு ரோஸ் நிறம். "நாலும் ஒரே ஆளுக்குக் குத்தினா என்ன?" என்று ஒரு கிழவி உள்ளே தகராறு செய்தாள். சீட்டை மடிக்கத் தெரியாமல் மை எதிர்ச் சின்னத்தில் ஒட்டிவிடும் என்பதால், பழைய பேப்பரை நறுக்கி எங்கள் பெரியம்மாவே முதல்நாள் வீடுவீடாகப் போய் மடிக்கப் பழக்கியிருந்தார். அவரைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. பாவம், அவரிடம் யாரும் எதுவும் கேட்டதும் இல்லை.

பெட்டிகள் யூனியன் ஊருக்குப் போயின. ஆம்பிளைகள் டிராக்டரில் பின்னாலேயே போனார்கள். ராத்திரி முழுக்க எண்ணினார்கள். விடிகாலையில் வேட்டுச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கத்திலிருந்து என்று எல்லோரும் காதைத் தீட்டினோம். கிழக்கே, தையக்கார அத்தை வீட்டுப் பக்கம். வித்தியாசம் இரண்டு வீட்டு ஓட்டுத்தான்.

தாத்தா ஒரு வாரம் அந்த நோட்டோடு மல்லுக்கட்டினார். காலனி மொத்தமும் போனாலும் கணக்கு இடித்தது. திருப்பூர்ப் பயல்கள் என்றார். செல்லாத ஓட்டு என்றார். ஒவ்வொரு வீடாக என்னைப் படிக்கச் சொல்லி, சரி போட்ட இடத்திலெல்லாம் விரலை வைத்து யோசித்தார். மாப்பிள்ளை வீட்டைச் சந்தேகப்பட்டார், தம்பி வீட்டைச் சந்தேகப்பட்டார். அவர் பார்க்காத இடம் அந்தத் தையல் மிஷின் திண்ணை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஊரில் அங்கே போகாத பெண் கிடையாது. ஆம்பிளை கால் வைக்காத ஒரே திண்ணையும் அதுதான். அங்கே என்ன பேசினார்களோ, அது எந்த நோட்டிலும் ஏறவில்லை.

அத்தை தலைவர் ஆனார். ஆனால் உபதலைவர் பெரியப்பா ஆள். வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் பதவி அது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் எங்கள் பக்கம். சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது: பஞ்சாயத்துச் செக்கில் தலைவரும் உபதலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எத்தனையோ ஊர்களில் பெண் தலைவரையும் தாழ்த்தப்பட்ட தலைவரையும் கட்டிப்போட அந்த ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. எங்கள் உபதலைவரும் அதைத்தான் செய்தார். செக்கோடு கிளார்க் வந்தால் காட்டுக்குப் போயிருப்பார், கோவில்பட்டிக்குப் போயிருப்பார்.

ஒரு சித்திரையில் மோட்டார் காயில் எரிந்துபோனது. மேல்நிலைத் தொட்டி வறண்டது. செக் நின்றது. அத்தை யாரிடமும் கெஞ்சவில்லை. காலிக் குடங்களோடு பெண்கள் உபதலைவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவர் ஊரில்தான் இருந்தார். அவர் சம்சாரமே ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அவர்களோடு உட்கார்ந்தபோது, என் அளவுகோலை வாங்கிச் செக்கின் அடியில் வைத்து, கோடு போட்ட மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார். பிறகு அடிக்கடி வெளியூர் போவதை நிறுத்திக்கொண்டார்.

சுடுகாட்டுப் பாதை மட்டும் முடியவில்லை. ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டப் பணத்தில் ஓடைக்கரை வரை கிராவல் அடித்தார்கள். அதற்கு அப்பால் பட்டா நிலம். இரண்டு பங்காளிக் கூட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. எல்லாவற்றிலும் எதிரும் புதிருமாக நின்றவர்கள் இதில் மட்டும் ஒரே சொல்லாக நின்றார்கள். அத்தையும் அதற்குமேல் முட்டவில்லை. அவரை நிறுத்தியவர்களின் நிலமும் அது. 1997 ஜூன் கடைசியில் மேலவளவில் தனித்தொகுதித் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்ற சேதி பேப்பரில் வந்தபோது, டீக்கடையில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தவர் காலனிக்காரர்கள் வருவதைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிச் சினிமாச் செய்திக்குப் போனார். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

2001-இல் மறுபடி தேர்தல் வந்தது. அத்தை மறுபடி நின்றார். இந்த முறை ஆட்டோ சின்னம். தாத்தா புது நோட்டு வாங்கிவரச் சொன்னார். நான் ஒன்பதாவது, எழுத்து கொஞ்சம் நேராகியிருந்தது. இந்த முறை வீட்டுக்கு ஒரு வரி போதாது, ஆம்பிளைக்கு ஒரு வரி, பொம்பளைக்கு ஒரு வரி போடு என்றார். ஊரை முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தோம். ஆம்பிளை வரியில் சரி போட்டேன். அடுத்த வரிக்கு வந்ததும் தாத்தா அடுப்படிப் பக்கம் திரும்பி, "இந்தா, ஒனக்கு என்ன போட?" என்று கேட்டார்.

பாட்டி சுளகில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே, "சுழியே போடுங்க. போன தடவையும் அதைத்தான் போட்டிருக்கணும்" என்றாள்.

தாத்தா என்னைப் பார்த்தார். நான் சுழி போட்டேன்.