உதவாத உதவி

எம் பாட்டனார் முப்பது ஆண்டு தமிழாசிரியராய் விளங்கியவர். சென்ற ஆண்டு பக்கவாதத்தால் அவரது வலக்கை ஓய்ந்தது. உணவூட்டலும் சட்டைக்குப் பொத்தானிடலும் எம் பணிகளாயின. அவற்றை அன்பென்றே எண்ணி மகிழ்ந்தோம்.

மருத்துவமனையில் அவரைப் பயிற்ற வந்தவர், ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயன்முறை மருத்துவத்தில் முதுநிலை பயிலும் மாணவி. “எங்கே வலிக்கிறது?” என்று அவர் வினவவில்லை, “ஐயா, எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?” என்றே வினவினார். “என் பெயரை நானே எழுத வேண்டும், என் சட்டையை நானே அணிய வேண்டும்,” என்றார் பாட்டனார். எம்மிடம் அவர் இதனைக் கூறியதில்லை, யாமும் கேட்டதில்லை.

ஓய்ந்த கையை முதலிற் சட்டைக்குள் நுழைக்கும் முறையை அம்மாணவி கற்பித்தார். பின்னர் ஒரு பொத்தானுக்காகப் பாட்டனார் கால்மணி நேரம் போராடினார். நெற்றி வியர்த்தது. யாம் பதைத்தெழுந்தோம். “தம்பி, அவர் கையை அவருக்கே விட்டுவிடுங்கள்,” என்று தடுத்தார் மாணவி. எமக்குச் சினம் மூண்டது. அவரோ காலத்தைக் கணக்கிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

சினம் தணிந்தபின் அவர் கல்வியைப் பற்றி வினவினோம். அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் அம்மையார், 1950-இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் இக்கல்விக்கு நம் நாட்டில் முதற்பள்ளி கண்டார். 1952-இல் தோன்றிய உலகக் கூட்டமைப்பை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இத்துறையில் தகுதி பெறுவோர் குறைந்தது 1,000 மணி நேரமேனும் மேற்பார்வையின்கீழ்க் களப்பயிற்சி பெறல் வேண்டுமென்பது அக்கூட்டமைப்பின் விதி. அதன்மேல் முதுநிலைக்கு ஈராண்டு, ஆய்வேடும் உண்டு. “இன்னது செய்க என்று இளநிலையிற் கற்றோம். ஏன் செய்கிறோம், செய்ததனாற் பயன் விளைந்ததா என்று சான்றுகொண்டு வினவ இப்போது கற்கிறோம்,” என்றார். குறிப்பேட்டின் பொருள் அப்போதே விளங்கிற்று.

திங்கள் மூன்று கழிந்தன. துணி சுற்றித் தடிப்பாக்கிய எழுதுகோலைப் பற்றிப் பாட்டனார் எம் குறிப்பேட்டிலே தம் பெயரை எழுதினார். எழுத்துக்கள் கோணின, ஆயினும் அவை அவருடையவை.

அன்பர்காள்! தமிழ் பயிலும் எமக்குத் தேர்வு நாளில் வினாத்தாள் வரும். அம்மாணவிக்கோ ஒரு முதியவரின் பொத்தானே வினாத்தாள். கைகொடுக்க யாம் முன்னரே அறிந்திருந்தோம். கையை எப்போது மடக்கிக்கொள்வது என்பதை அவரிடமே கற்றோம்.