நீர் சூழ்ந்த மலையும் எங்க டாடா 207-ம்!

திருநீர்மலைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஹீரோவும் ஹீரோயினும் மாலையோட மூச்சிரைக்கப் படியேற, பின்னாடியே நாலு சுமோல வில்லன் ஆளுங்க துரத்த... கரெக்டா? தமிழ் சினிமாவுல திருட்டுக் கல்யாணம்னா எங்க ஊரு மலைதான். நிஜக் கல்யாணங்களும் இங்கே குறைவில்லை பாஸ்! முகூர்த்த நாள்ல வந்து பாருங்க, பைக் நிறுத்த இடம் கிடைக்காது.

அந்தக் கல்யாணங்களுக்கு எல்லாம் சேர், பாத்திரம், ஷாமியானா கம்பு, வாழைமரம்னு அள்ளிட்டு வந்த ஒரு வண்டி இருக்கு. எங்க அப்பாவோட டாடா 207. அதோட கேபினை இந்த செமஸ்டர் லீவுல வீட்டு வாசல்லயே பிரிச்சு மேய்ஞ்சு, மறுபடியும் ஆள் உட்கார்ற மாதிரி பண்ணின கதைதான் இது. ஊரையும் சுத்திக் காட்டுறேன், வாங்க!

முதல்ல ஊரு!

குரோம்பேட்டை ஸ்டேஷன்ல இறங்கி மேற்கே வந்தீங்கன்னா, வீடுகளுக்கு நடுவுல பொசுக்குன்னு ஒரு மலை முளைக்கும். அதான் திருநீர்மலை. 108 திவ்ய தேசங்கள்ல ஒண்ணு. அடிவாரக் கோயில்ல நீர்வண்ணப் பெருமாள் நிற்கிறார். மலை மேல ஏறினா ரங்கநாதர் படுத்திருக்கார், நரசிம்மர் உட்கார்ந்திருக்கார், உலகளந்த பெருமாள் நடக்கிறார். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான்... நாலு கோலமும் ஒரே ஊர்ல!

ஊர்ப் பேருக்கு ஒரு கதை உண்டு. திருமங்கையாழ்வார் இங்கே வந்தப்போ மலையைச் சுத்தித் தண்ணி நின்னுச்சாம். வடியட்டும்னு ஆறு மாசம் காத்திருந்து தரிசனம் பண்ணினாராம். அதனாலதான் நீர்மலை. சின்ன வயசுல பாட்டி இதைச் சொன்னப்போ, 'ஆறு மாசமா தண்ணி வடியாது?'ன்னு சிரிச்சிருக்கேன். 2015-க்கு அப்புறம் சிரிக்கல.

மலைமேல இருந்து பார்த்தா ஊரோட ஜாதகமே தெரியும். ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் தாம்பரத்தையும் மதுரவாயலையும் இணைக்கிற பைபாஸ். அந்தாண்ட அடையாறு, அனகாபுத்தூர், பம்மல், நாகல்கேணி. ரொம்ப காலம் பேரூராட்சியா இருந்த திருநீர்மலை, 2021-ல தாம்பரம் மாநகராட்சியில சேர்ந்துடுச்சு. பேர் மாறினாலும் ஜனங்க இன்னும் 'நீர்மலை'ன்னுதான் சொல்றாங்க.

அந்த ராத்திரி

2015 டிசம்பர் 1. எனக்கு அப்போ 10 வயசு. விடிஞ்சப்போ தாம்பரத்துல பதிவான மழை 49 சென்டிமீட்டர். ஒரே நாள்ல! அப்பா வண்டியை அனகாபுத்தூர் ஆற்றோரம் இருந்த ஷாமியானா குடோன்ல விட்டிருந்தார். அடையாறு கரையைத் தாண்டி உள்ளே வந்துடுச்சு. மூணாவது நாள் போய்ப் பார்த்தா, ஸ்டீயரிங் வரைக்கும் சேறு. டேஷ்போர்டு மேல ஒரு தவளை உட்கார்ந்திருந்துச்சு.

கடன் வாங்கி இன்ஜினைச் சரி பண்ணினார். கேபினுக்குக் காசு இல்லை. சீட்டு மேல ரெண்டு சாக்கை மடிச்சுப் போட்டு, அதுலயே நாலு வருஷம் ஓட்டினார். 2020-ல ஊரடங்கு வந்துச்சு, கல்யாண லோடும் நின்னுச்சு. வண்டியை வீட்டு ஓரமா நிறுத்தினதுதான். அப்பா வேற ஒருத்தர் வண்டிக்கு டிரைவரா போயிட்டார்.

எஃப்.சி. போச்சு. 2021-ல மத்திய அரசோட பழைய வாகனக் கழிப்புக் கொள்கை வந்துச்சு. 2022 ஏப்ரல்ல இருந்து 15 வயசு தாண்டின வண்டிங்களுக்கு எஃப்.சி. கட்டணமும் ஏறிடுச்சு. எங்க வண்டி 2003 மாடல். கணக்குப் போட்டுக்குங்க.

இந்த வருஷம் ஏப்ரல்ல ஒரு பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்டார். 42,000 ரூபாய். அப்பா சரின்னு தலையாட்டிட்டார். எனக்குத்தான் மனசு கேக்கல. "இன்ஜின் நல்லா இருக்குப்பா. கேபினை நான் பண்றேன்"னேன். அப்பா என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "மெக்கானிக்கல் படிச்சா மெக்கானிக் ஆயிடுவியா? சரி, ஒரு மாசம். நான் ஏறி உட்கார்ற மாதிரி பண்ணிக் காட்டு. இல்லேன்னா எடைக்குத்தான்."

கெடு 30 நாள். கையில இருந்தது ப்ராஜெக்ட்டுக்குச் சேர்த்து வெச்ச 9,000 ரூபாய்!

பிரிச்சதும் கிளம்பின பூதம்

முதல் பாடம்: எதுல கை வைக்கிறதுக்கு முன்னாடியும் பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டிடுங்க. ரெண்டாவது பாடம்: கழட்டுற ஒவ்வொண்ணையும் செல்போன்ல போட்டோ எடுங்க, ஸ்க்ரூவை தனித்தனி டப்பாவுல போட்டுப் பேர் எழுதி வைங்க. நான் எழுதல. கடைசியில ஏழு ஸ்க்ரூ மிச்சம். எது எங்கேன்னு இன்னிக்கும் தெரியாது. (எங்க எச்.ஓ.டி. இதைப் படிக்க மாட்டார்னு நம்புறேன்!)

சீட் போல்ட் துருவுல பிடிச்சுக்கிச்சு. ராத்திரி முழுக்க டீசல்ல ஊற விட்டு, காலையில ஸ்பேனர் மேல பைப் மாட்டித் திருப்பினா... 'டக்'! நாலுல ரெண்டு வந்துச்சு, ரெண்டு ஒடிஞ்சுது.

தரை மேட்டைத் தூக்கினப்போதான் நிஜமான அதிர்ச்சி. அடியில சத்தம் குறைக்கிறதுக்காக ஒரு கம்பளி மாதிரி ஃபெல்ட் இருக்கும். அது தண்ணியைக் குடிச்சுட்டு வருஷக்கணக்கா ஈரத்தை விடவே இல்லை. மேல ரப்பர் மேட் மூடியிருக்கிறதால காயவும் வழியில்லை. இரும்பு, ஈரம், காத்து. துருவுக்கு வேற என்ன வேணும்? டிரைவர் கால் வைக்கிற இடத்துல ரெண்டு ஓட்டை. அது வழியா எங்க வீட்டு வாசல் கோலம் தெரிஞ்சுது!

ஃபெல்ட்டுக்கு அடியில காய்ஞ்ச வண்டல் மண்ணு ஒரு படி இருக்கும். துடைப்பத்தால கூட்டிக்கிட்டிருந்தேன். வேலைக்குக் கிளம்பின அப்பா நின்னு, கொஞ்சம் எடுத்து விரல்ல தேய்ச்சுப் பார்த்தார். "ஆத்து மண்ணு"ன்னார். வேற எதுவும் சொல்லல. போயிட்டார்.

அவசரக் குடுக்கை

ஒயர் பிரஷ், உப்புத்தாள்னு மூணு நாள் தேய்ச்சேன். மூக்குல துணி கட்டியும் சளி எல்லாம் செங்கல் கலர். பளபளன்னு ஆனதும் ஆசை தாங்கல, அன்னிக்கே ரெட் ஆக்சைடு அடிச்சுட்டேன். சாயங்காலம் தூறல். அடுத்த நாலாவது நாள் பெயின்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பிடுச்சு. உள்ளே ஈரம் இருந்திருக்கு, சந்துல துருவும் மிச்சம் இருந்திருக்கு. மொத்தத்தையும் சுரண்டிட்டு மறுபடி முதல்ல இருந்து! ஆறு நாள் வேஸ்ட்.

ரெண்டாவது ரவுண்டுல ஒழுங்கா செஞ்சேன். டிங்கரிங் அண்ணனைக் கூப்பிட்டு ஓட்டைக்குத் தகடு வெச்சுப் பத்த வெச்சோம். பக்கத்துலயே ஒரு பக்கெட் தண்ணி, ஈரச்சாக்கு. வெல்டிங்னா இது கட்டாயம், மறந்துடாதீங்க. அப்புறம் துருவை மாத்துற பாஸ்பாரிக் அமில லோஷன், கழுவல், ரெண்டு நாள் சுள்ளுனு வெயில், அதுக்கு மேல பிரைமர், அதுக்கும் மேல எனாமல். எங்க ஊர் மே மாச வெயிலை எல்லாரும் திட்டுவாங்க. நான் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேட்டை

கைப்பிடி, கண்ணாடி சுத்துற லீவர், ரூம் லைட் எல்லாம் காலி. புதுப்பேட்டைக்குப் போகலாம்னு கிளம்பினேன். "ஏன்டா அவ்ளோ தூரம்? வெள்ளிக்கிழமை பல்லாவரம் போ"ன்னாங்க அம்மா. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை தெரியுமா உங்களுக்கு? செடி, கோழிக்குஞ்சு, பழைய கம்ப்யூட்டர், உடைஞ்ச கேமரா, ஒத்தைச் செருப்புன்னு கிடைக்காததே இல்லை. வெயில்ல ரெண்டு மணி நேரம் குனிஞ்சு தேடினதுல ஒரு ஜோடி கதவுக் கைப்பிடி, ஒரு லீவர், ஒரு ரியர்வியூ கண்ணாடி. எல்லாம் சேர்த்து 450 சொன்னார், 280-க்கு முடிச்சேன். பேரம் பேசுறதும் ஒரு இன்ஜினீயரிங்தான் மக்களே!

கதவு உள்பக்க அட்டை தண்ணியில அப்பளமா உப்பியிருந்துச்சு. பழசைத் தாள்ல வரைஞ்சு, அதே அளவுக்கு வாட்டர்புரூஃப் பிளைவுட்டை வெட்டினேன். வயரிங் மூட்டு எல்லாம் பச்சை பூத்திருந்துச்சு. அது செம்புக்கு வர்ற களிம்பு. ஒவ்வொண்ணா சுரண்டி, புது முனை அடிச்சு, டேப் சுத்தி, ஃபியூஸ் மாத்தி... ரூம் லைட் எரிஞ்சப்போ ராத்திரி 11 மணி. தெருவே கேக்குற மாதிரி விசில் அடிச்சேன். அம்மா துடைப்பத்தோட வந்தாங்க.

சீட்டுக்குள்ள ஒரு சரித்திரம்

சீட்டைத் தைக்க ஒரு கடையில விலை கேட்டேன். என் மொத்த பட்ஜெட்டையும் தாண்டிச் சொன்னாங்க. நாகல்கேணி பக்கம் ஒரு சின்னக் கடையில தையல் மெஷின் முன்னாடி ஒரு பாய் இருந்தார். "பாய், நானே பிரிச்சு, நானே மாட்டிக்கிறேன். தையல் மட்டும் போட்டுத் தர முடியுமா?" கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்தார். "பழைய உறையைக் கிழிக்காம பிரிச்சுக் கொண்டா தம்பி. அதுதான் அளவு."

இங்கே ஒரு ஃப்ளாஷ்பேக். குரோம்பேட்டைங்கிற பேரே தோல்ல இருந்து வந்ததுதான். குரோம் முறையில தோல் பதனிடுற 'குரோம் லெதர்' கம்பெனி இருந்த இடம் அது. பம்மல், நாகல்கேணி, பல்லாவரம் முழுக்கத் தோல் தொழில்தான் பிழைப்பு. அதனால தோல் சீட்டே போடலாமான்னு பாய்கிட்ட கேட்டேன். சிரிச்சார். "லோடு வண்டிக்கு ரெக்சின் போதும் தம்பி. ஆனா நடுவுல துணி வை. வெயில்ல முதுகு வேகாது."

துணின்னதும் அனகாபுத்தூர்தான். நெசவாளர்கள் ஊரு. இங்கே நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் துணி ஒரு காலத்துல கப்பலேறி நைஜீரியா வரைக்கும் போச்சு. அங்கே அதைக் கல்யாணம், திருவிழாவுக்குக் கட்டிக்குவாங்களாம். அந்த ஏற்றுமதி நின்னப்புறம் தறிகளும் குறைஞ்சுபோச்சு. இப்போ வாழைநாருல எல்லாம் சேலை நெய்யுறாங்க. நான் போன வீட்டுல தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கெட்டியான சிவப்பு-நீலக் கட்டம் மூணு மீட்டர் வாங்கினேன். லாரி சீட்டுக்குன்னு சொன்னதும் அந்தப் பெரியம்மா, "பாத்து உக்காரச் சொல்லு, உங்கப்பனை"ன்னாங்க.

பழைய சீட்டுக்குள்ள தேங்காய் நாரு மெத்தை. மக்கிப் போயிருந்துச்சு. ஸ்பிரிங்கைத் துரு எடுத்து பெயின்ட் அடிச்சேன். மேல சாக்கு, அதுக்கு மேல 40 டென்சிட்டி ஃபோம், 5 இன்ச் கனத்துல. அப்பாவுக்கு மெத்து மெத்துன்னு இருக்கணும்ல! ஓரம் ரெக்சின், நடுவுல கட்டம். உறையை மாட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வெயில்ல போடுங்க. ரெக்சின் இளகும், சுருக்கமில்லாம இழுக்கலாம். வளையக் கம்பியால கீழே கிளிப் போட்டு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு கட்டை விரலும் பஞ்சர்!

29-வது நாள்

மொத்தச் செலவு 10,340 ரூபாய். அம்மாகிட்ட வாங்கின 1,340-ஐ இன்னும் திருப்பித் தரல.

சாயங்காலம் அப்பா வேலை முடிஞ்சு வந்தார். கைகால் கழுவினார். வண்டிகிட்ட வந்து கதவைத் திறந்து, ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் செருப்பைக் கழட்டிட்டு ஏறினார். நான் மூச்சே விடல.

உட்கார்ந்தார். கிளட்ச்சை மிதிச்சார். கியரை ஆட்டினார். சந்தையில வாங்கின கண்ணாடியைத் திருப்பி வெச்சார்.

"தொடை ஸ்டீயரிங்ல இடிக்குதுடா."

எனக்கு உள்ளே எல்லாம் உடைஞ்சுபோச்சு. 5 இன்ச் ஃபோம்! ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அளக்கவே இல்லை. மூணு வருஷமா டிராயிங் கிளாஸ்ல என்னத்தைக் கிழிச்சேன்?

"பிரிச்சு ஒரு இன்ச் சீவிடு. திங்கக்கிழமை எஃப்.சி.க்கு என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டுட்டு வரேன்"ன்னார். சீட்டை விட்டு இறங்கவே இல்லை. போனை எடுத்து இரும்புக்காரரைக் கூப்பிட்டார். "வண்டி குடுக்கலீங்க. பையன் வெச்சுக்கணும்னு சொல்றான்."

எஃப்.சி. இன்னும் கைக்கு வரல. பிரேக், லைட், டயருன்னு வரிசையா செலவு நிக்குது. லாபமா நஷ்டமான்னு கேட்டா, கணக்குல எனக்கு எப்பவுமே அரியர்தான். ஆனா ஃபோம் ஒரு இன்ச் சீவியாச்சு. ராத்திரி சாப்பிட்டதும் அப்பா பத்து நிமிஷம் வண்டியில போய் உட்கார்ந்துட்டு வர்றார்.

நீங்க திருநீர்மலை வந்தா, சாயங்காலமா வெயில் தாழ்ந்ததும் மலை ஏறுங்க. அடிவாரத்துல நீர்வண்ணரைப் பார்த்துட்டு ஏறுறதுதான் முறை. மேலே நின்னு ஏரியையும் ஆத்தையும் ஒரு தரம் நிதானமா பாருங்க. உங்க வீட்டு ஓரத்துலயும் ஒரு வண்டி தூங்குதுன்னா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி தரை மேட்டைத் தூக்கிப் பார்த்துடுங்க.

அப்புறம் முக்கியமான விஷயம்... ஃபோம் வாங்குறதுக்கு முன்னாடி அளவெடுங்க பாஸ்!