மதிப்பெண் போட நாங்கள் யார்?

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டம் கூடும். ஒரு மாதம் ராஜபாளையம், மறுமாதம் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. மில் தொழிலாளி, வாத்தியார், கட்டட வேலைக்குப் போகிறவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேருவோம். ஆரம்பத்தில் அண்ணல் அம்பேத்கரின் தொகுதிகளை உரக்க வாசித்துப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு தோழர் சொன்னார்: "அடுத்தவுக எழுதினத எத்தன நாளைக்கு வாசிக்க? நம்ம பிள்ளைக எழுதட்டும்."

அப்படித்தான் நோட்டுகள் வர ஆரம்பித்தன. தன் கதையை, தன் தெருவின் கதையை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொண்டுவரலாம் என்றோம். சிலர் கோடு போட்ட நோட்டில் எழுதினார்கள். சிலர் கையெழுத்துப் பத்திரிகையாகச் செய்து படம் ஒட்டினார்கள். இரண்டு பேர் டைப் செய்து சின்னப் புத்தகமாகவே கொண்டுவந்தார்கள். வந்ததை எல்லாம் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து விமர்சனம் செய்வோம். தோற்றத்துக்குப் பத்து மதிப்பெண், எழுத்துக்குப் பத்து மதிப்பெண். அட்டை, தலைப்பு, கையெழுத்து, பக்க அமைப்பு எல்லாம் தோற்றத்தில் சேரும். மொழி, நடை, பிழை எல்லாம் எழுத்தில் சேரும். சிவப்புப் பேனாவும் வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் நமக்கு என்ன செய்தார்களோ அதையே நாம் செய்கிறோம் என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

ஒரு தங்கை 96 பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். பஞ்சாலையில் வேலை. அம்மா சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. நோட்டில் முப்பது பக்கம் போல எழுதியிருந்தாள். அதில் ஓர் இடம் இன்றும் எங்களுக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. மில்லில் சாப்பாட்டு நேரம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்கிறாள். இவள் சொல்கிறாள். ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி. இந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. "பஸ் ஸ்டாப்புப் பேரச் சொல்லிட்டு அங்கனயே நின்னுக்கிட்டேன். அதுக்கு மேல தெருவுக்குள்ள அவளக் கூட்டிட்டுப் போகல" என்று எழுதியிருந்தாள்.

அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் நாங்கள் எழுதியது இது: "பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்." எழுத்துக்கு நாலரை மதிப்பெண். தோற்றத்துக்கு மூன்று. காரணம், அட்டை அழுக்கு, பக்கங்களில் கறை. கறை என்று நாங்கள் கண்டது மெஷின் ஆயில். ராத்திரி ஷிப்டில், கிடைத்த இடைவேளையில், அந்தக் கையோடு எழுதிய நோட்டு அது. வெள்ளைத்தாள் அழுக்காகிவிட்டது என்று மதிப்பெண்ணைக் குறைத்தோம் நாங்கள்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. ஷிப்ட் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அதற்கடுத்த மாதமும் வரவில்லை. நாலு மாதம் கழித்து ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மாவைப் பார்த்தோம். நோட்டைப் பற்றிக் கேட்டோம். "அந்த நோட்டா? எழுதாத தாளெல்லாம் வீணாப் போகுதுன்னு அவ தம்பி கணக்குப் போட வச்சிக்கிட்டான்யா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

அந்த இரவு எங்களில் ஒருவர் 'கருக்கு' நூலை எடுத்து மறுபடி வாசித்தார். மறுநாள் எங்கள் எல்லோருக்கும் போன் வந்தது. "நம்ம பக்கத்து ஊர்க்காரங்கள நாமே மறந்துட்டோம்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கம் இருக்கிறது புதுப்பட்டி. பாமா பிறந்த ஊர். கன்னியாஸ்திரியாக மடத்தில் இருந்துவிட்டு, அங்கேயும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறி வந்து, தன் வாழ்க்கையை எழுதினார். மதுரையில் உள்ள சமுதாயச் சிந்தனைச் செயல் ஆய்வு மையம் 1992-இல் அதை வெளியிட்டது. 'கருக்கு' என்றால் பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற ரம்பப் பல். நம் பக்கத்தில் அதில் கை கிழிபடாத பிள்ளை உண்டா? அந்த நூலில் பாத்திரங்கள் மட்டும் பேச்சு வழக்கில் பேசவில்லை. கதை சொல்கிறவரும் அதே மொழியில்தான் சொல்கிறார், அதே மொழியில்தான் வாதாடுகிறார், அதே மொழியில்தான் கோபப்படுகிறார். 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போய் கிராஸ்வேர்ட் விருதும் வாங்கியது. இன்று தமிழ்நாட்டுக்கு வெளியேயும் பல்கலைக்கழகங்களில் பாடம்.

நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்டோம். 1992-க்கு முன்னால் அந்தக் கையெழுத்துப் பிரதி எங்கள் பாயில் வந்து விழுந்திருந்தால் எத்தனை மதிப்பெண் போட்டிருப்போம்? நாலரைதான். பக்கத்தில் அதே சிவப்பு மையில் அதே வாசகம்.

இன்னொன்றும் யோசித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வருவது ஆண்டாள். அரசு முத்திரையில் இருப்பதும் அந்த ஊர்க் கோபுரம்தான் என்று சொல்வதுண்டு. பெரியாழ்வார் வளர்த்த மகள் தன்னை ஆயர்குலப் பெண்ணாகப் பாவித்துப் பாடினாள் என்பார்கள். அந்தப் பாவனை முற்றி அவளுக்கு இடைச்சியரின் நடையும் பேச்சும், ஏன், அவர்கள் மேல் அடிக்கிற தயிர் வாடையும்கூட வந்துவிட்டது என்று வைணவப் பெரியவர்கள் நெகிழ்ந்து சொல்வார்கள். மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரின் பேச்சை எடுத்துக்கொண்டால் அது பக்தி. அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரியே எழுதினால் அது கொச்சை. ஆண்டாளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பெண் தன் ஆசையைத் தன் வாயால் சொன்ன ஊர் அது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு பெண்ணின் வாயை நாங்கள் மூடியிருக்கிறோம் என்பதுதான் எங்கள் வெட்கம்.

சரி, தவற்றைத் திருத்திவிட்டோம் என்று நினைத்தால், அடுத்த தவற்றில் போய் விழுந்தோம். மதிப்பெண்ணை நிறுத்தினோம். வருவதை எல்லாம் பாராட்டினோம். பேச்சு வழக்கில் இருந்தால் கூடுதல் கைதட்டல். அப்போது ஒரு கல்லூரித் தம்பி சுத்தமான எழுத்துத் தமிழில், நல்ல கட்டுக்கோப்போடு தன் தாத்தாவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். "நம்ம பேச்சுல எழுதுப்பா, அப்பத்தான் உசிரு வரும்" என்று அறிவுரை சொன்னோம். அவன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "ஏண்ணே, இந்தத் தமிழ் எனக்குச் சொந்தமில்லையா?"

பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை. அவன் கேட்டது நியாயம். 1893-இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தியவர் இரட்டைமலை சீனிவாசன். 1939-இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று தன் வரலாற்றை எழுதினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசர் சித்த வைத்தியர், பண்டிதர், பாலியும் வடமொழியும் அறிந்தவர். செந்தமிழும் நம் சொத்துதான். யாரும் நமக்குப் பிச்சை போட்டதில்லை. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் அதே புதுப்பட்டிக்காரர்தான். 2002-இல் வந்த அவருடைய 'சிலுவைராஜ் சரித்திரம்' தன்னையே கிண்டல் செய்துகொண்டு போகிற நூல். ஒரே ஊர், ஒரே வீடு. ஆனால் தங்கையின் நடை வேறு, அண்ணனின் நடை வேறு. தலித் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டால், அதுவும் ஒரு தெருவுக்குள் நம்மை அடைப்பதுதான்.

எழுத்தில் பட்ட பாடு இது. தோற்றத்தில் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வட்டத்தில் ஒருவர் தன் கதையைப் புத்தகமாகப் போட முடிவு செய்தார். பக்கத்தில் சிவகாசி இருக்கும்போது அச்சுக்கு என்ன பஞ்சம்? ஓர் அச்சகத்தில் அட்டை வடிவமைக்கக் கொடுத்தார். வந்த அட்டையில் ஒரு குடிசை, உடைந்த பானை, கன்னத்தில் கைவைத்து அழுகிற கிழவி. எல்லாம் கறுப்பு வெள்ளையில். வடிவமைத்தவர் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. "தலித் கதை" என்று சொன்னதும் கை தானாக அந்தப் படத்தைத் தேடியிருக்கிறது. உள்ளே இருப்பதோ, வயரிங் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த ஓர் அப்பாவின் கதை. அவர் வீட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்த நாளில் தெருவில் எழுந்த சண்டைதான் அந்த நூலின் நடு அத்தியாயம். அழுகிற கிழவி அந்த வீட்டில் இல்லவே இல்லை. ஆச்சி இருந்தார், ஆனால் அவர் சண்டையில் முதல் ஆளாக நின்றவர்.

அட்டையை மாற்றச் சொன்னோம். "இது உருக்கமா இருக்குங்க, விக்கும்" என்றார்கள். எழுதியவர் அசையவில்லை. கடைசியில் நீலச் சுவரின் போட்டோ ஒன்றை, மேலே மின்சார மீட்டர் தெரிய, அப்படியே போட்டார்கள். பார்ப்பதற்குச் சாதாரணம்தான். ஆனால் அவர் அப்பா அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் மீட்டரைத் தொட்டுப் பார்த்து, "இது நான் மாட்டுனது" என்றார். தோற்றத்துக்கு நாங்கள் வைத்த பத்து மதிப்பெண்ணில் இதற்கு இடமே இருந்ததில்லை.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். சொந்தக் கதை என்பது ஒருவருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அதில் அம்மா இருக்கிறாள், பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறாள், ஓடிப்போன சித்தி இருக்கிறாள். 'கருக்கு' வந்த பிறகு பாமாவின் சொந்த ஊரிலேயே கோபம் எழுந்தது, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. மராத்தியில் எழுதிய பேபி காம்ளே தன் எழுத்தை வீட்டாருக்குத் தெரியாமல் இருபது ஆண்டுகள் ஒளித்துவைத்திருந்தார். எழுதுகிறவர் ஆதிக்க சாதிக்கு மட்டுமா பயப்பட வேண்டியிருக்கிறது? நம் வீட்டு ஆம்பளைக்கும், நம் தெருப் பெரிய மனிதருக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு நடை அழகைப் பேசுவது அயோக்கியத்தனம். இந்தப் பெயர் வெளியே வந்தால் யாருக்கு அடி விழும் என்று கேட்பது நோட்டை வாசிக்கிறவரின் முதல் வேலை. பல நோட்டுகளில் பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறோம். தப்பு செய்த மேல்சாதிக்காரரின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைத்தான்.

அப்படியானால் விமர்சனமே வேண்டாமா? வேண்டும். நம் எழுத்தை நாமே கறாராக வாசிக்காவிட்டால், பரிதாபப்பட்டு முதுகில் தட்டுகிறவர்கள்தான் மிச்சமிருப்பார்கள். "பாவம், இவங்க எழுதுறதே பெரிசு" என்கிற பாராட்டைவிடப் பெரிய அவமானம் உண்டா? எனவே இப்போதும் சொல்கிறோம். இந்த இடத்தில் ஒரே விஷயம் மூன்று முறை வருகிறது என்று சொல்கிறோம். இங்கே நீ கோபத்தைச் சொல்லிவிட்டாய், நடந்ததைச் சொல்லவில்லை என்று சொல்கிறோம். எழுத்து பொடியாக இருக்கிறது, ஆச்சியால் வாசிக்க முடியாது, பெரிசாக்கு என்று சொல்கிறோம். ஒற்றுப்பிழையையும் காட்டுகிறோம், பென்சிலால். ஆனால் முதலில் எழுதியவரையே உரக்க வாசிக்கச் சொல்கிறோம். யாருக்காக எழுதினாய் என்று கேட்கிறோம். அவர் சொல்கிற அந்த ஆளுக்கு இது போய்ச் சேருமா என்பதை வைத்துத்தான் அதன் பிறகு பேச்சு. மதிப்பெண் கிடையாது.

அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். நாங்கள் செய்தது தவறு என்று அவளிடமே சொன்னோம். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க எழுதினத வாசிச்சப்ப எனக்கு எங்க ஆறாம் வகுப்பு டீச்சர் ஞாபகம் வந்துச்சுண்ணே. அவுகளும் எங்க பேச்சத் திருத்துவாக. ஆனா அவுக வேற ஆளு. நீங்க நம்ம ஆளுல்ல?" என்றாள். நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது அவளே சொன்னாள்: "தோணுனா எழுதுவேன். எழுதுனா கொண்டாரேன். செவப்புப் பேனாவ மட்டும் எடுத்துட்டு வராதீக."

இதுவரை அவள் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு தோறும் பாயில் ஓர் இடம் விட்டு உட்காருகிறோம்.

இதை வாசிக்கிற தோழர்களில் பலர் வாத்தியார்கள், பத்திரிகை நடத்துகிறவர்கள், பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கிறவர்கள். உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறோம். நம் பிள்ளை ஒருத்தி நோட்டை நீட்டும்போது, அதில் இருக்கிற கறை எதனுடைய கறை என்று ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு வாசியுங்கள்.

ஜெய்பீம்.